கேஷ், காசிலிருந்து வந்ததா?

"ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலில் கட்டுமரம், சுருட்டு, கறி எல்லாம் இருக்கும். கூடவே தவறாமல் "காசு – கேஷ்" இருக்கும். இதைப் பார்த்ததும் ஒரு கூட்டம் கைதட்டும், இன்னொரு கூட்டம் "எல்லாம் கட்டுக்கதை, அது லத்தீன்" என்று அடித்துப் பேசும். இரண்டு பேரிடமும் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தில் கேஷ் என்று எழுதப்படும் பெயர்ச்சொல் இரண்டு. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, பிறந்த வீடு வேறு வேறு. ஒன்று இத்தாலியக் கல்லாப்பெட்டியிலிருந்து வந்தது. மற்றது நம் காசேதான்.

நல்ல ஆங்கில அகராதி எதை எடுத்தாலும் கேஷ் என்ற தலைச்சொல்லின் தோளில் 1, 2 என்று சிறிய எண் போட்டு இரண்டு பதிவுகள் இருக்கும். முதல் பதிவில் "கையிலுள்ள பணம், ரொக்கம்" என்று போட்டிருக்கும். இரண்டாவதில் "இந்தியா, சீனா முதலிய இடங்களில் வழங்கிய குறைந்த மதிப்புள்ள நாணயம்" என்று இருக்கும். பெரும்பாலோர் முதல் பதிவோடு அகராதியை மூடிவிடுகிறார்கள். சண்டைக்கு அதுதான் காரணம்.

முதலில் பெட்டியைத் திறப்போம். லத்தீனில் காப்சா என்றால் பொருள் வைக்கும் பெட்டி, பேழை. "பிடி, கொள்" என்று பொருள்படும் காபெரே என்ற வினையிலிருந்து வந்தது. அது இத்தாலியத்தில் காஸ்ஸா, பிரெஞ்சில் கேஸ் ஆனது. 16ஆம் நூற்றாண்டில் வட்டிக்கடை, வங்கி, கணக்கு எழுதும் முறை எல்லாவற்றுக்கும் இத்தாலியர்தான் வாத்தியார். அவர்களுடைய கணக்குச் சொற்களோடு இதுவும் ஆங்கிலத்துக்குள் வந்தது. 1598இல் லண்டனில் அச்சான ஜான் ஃபுளோரியோவின் இத்தாலிய–ஆங்கில அகராதி, காஸ்ஸா என்ற சொல்லுக்கு "வணிகனின் கேஷ்" என்று பொருள் தருகிறது. அங்கே கேஷ் என்றால் காசு போட்டு வைக்கும் பெட்டி. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் பெட்டி என்ற பொருளும், பெட்டிக்குள் இருக்கும் பணம் என்ற பொருளும் சேர்ந்தே ஓடின. பிறகு பெட்டி தேய்ந்து, பணம் மட்டும் நின்றது.

பெட்டி எப்படிப் பணமாகும் என்று தமிழனுக்கு விளக்கவே வேண்டாம். "இன்னைக்குக் கல்லா எவ்வளவு?" என்று முதலாளி கேட்டால் கடைப்பையன் மேசையின் நீள அகலத்தை அளந்து சொல்வதில்லை. "படம் முதல் வாரத்துலயே கல்லா கட்டிருச்சு" என்கிறோம். அரசியலில் "பெட்டி கைமாறிருச்சு" என்றால் என்ன கைமாறியது என்று எல்லோருக்கும் தெரியும். கொள்கலத்தின் பெயர் கொண்டதற்கு ஆகிவருவதை நம் இலக்கணம் இடவாகுபெயர் என்று எப்போதோ வகைப்படுத்தி வைத்திருக்கிறது. காஸ்ஸா கேஷ் ஆனது அதே கதைதான். இத்தாலியில் இன்றும் கடையில் பணம் கட்டும் இடத்துக்குக் காஸ்ஸா என்றுதான் பலகை. ஜெர்மனியில் காஸ்ஸே, ஸ்பெயினில் காஹா.

இந்தப் பெட்டிக்குச் சொந்தபந்தம் நிறைய. பீர் கேஸ், மூக்குக் கண்ணாடி கேஸ், சூட்கேஸ் எல்லாம் காப்சாவின் வாரிசுகள். மாத்திரைக் கேப்ஸ்யூல் அதன் குட்டிப் பெட்டி. பாட்டுக் கேசட்டும் குட்டிப் பெட்டிதான், பிரெஞ்சு வழியாக வந்தது. கோர்ட்டில் நடக்கிற கேஸ் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது "விழு" என்று பொருள்தரும் வேறொரு லத்தீன் வினையிலிருந்து, "நேர்ந்தது, நிகழ்ந்தது" என்ற பொருளில் வந்தது. சிலிண்டர் கேஸ் அதைவிடத் தூரம். தமிழ் எழுத்தில் மூன்றுக்கும் ஒரே உருவம் என்பதால் குழம்ப வேண்டாம்.

பெட்டி என்ற பழைய பொருள் ஆங்கிலப் பேச்சில் செத்துவிட்டாலும் கணக்குப் புத்தகத்தில் இன்னும் மூச்சுவிடுகிறது. கணக்கு எழுதுபவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் இடம் இது. கேஷ் கணக்கு என்பது அடிப்படையில் ஒரு பெட்டியின் கணக்கு. பெட்டிக்குள் வந்தது பற்று (டெபிட்), வெளியே போனது வரவு (கிரெடிட்). கடன்காரர் கணக்கு எந்தப் பக்கமும் நிலுவை காட்டலாம். வங்கிக் கணக்கு ஓவர்டிராஃப்ட் போனால் எதிர்ப்பக்கம் சாயலாம். கேஷ் கணக்கு மட்டும் வரவு நிலுவை காட்டவே முடியாது. காலிப் பெட்டியிலிருந்து ரூபாய் எடுக்க முடியாது அல்லவா? ஆகவே மாத நடுவில் ஏதோ ஒரு நாள் கேஷ் இருப்பு மைனஸில் போனால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: உள்ளே வந்த பணம் ஒன்று பதியாமல் விடுபட்டிருக்கிறது, ஒரு செலவு முன்தேதியில் ஏறியிருக்கிறது, அல்லது வங்கி வழியாகக் கொடுத்ததை ரொக்கமாகப் பதிந்திருக்கிறார்கள். மாதக் கடைசி இருப்பு சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. நாள்வாரியாக இருப்பை இறக்கிப் பார்த்தால்தான் இது அகப்படும். தணிக்கைக்கு வருபவர் முதலில் தேடுவதும் இதைத்தான்.

சில்லறைச் செலவுக்கு அலுவலகங்களில் வைக்கும் பெட்டி கேஷும் அப்படித்தான். முறையாக நடத்துவது எளிது. மாதத் தொடக்கத்தில் 5,000 ரூபாய் வைத்தால், எந்த நிமிடம் பெட்டியைத் திறந்தாலும் மிச்சப் பணமும் வவுச்சர்களும் கூட்டினால் 5,000 வர வேண்டும். தீர்ந்ததும் வவுச்சர் கூட்டுத்தொகை எவ்வளவோ அதை மட்டும் நிரப்ப வேண்டும். இஷ்டத்துக்கு 3,000, 2,000 என்று போட்டால் சரிபார்க்கும் வழியே போய்விடும். (பெட்டி கேஷில் உள்ள "பெட்டி", சிறிது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். நம் பெட்டிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் பெட்டியில் இருக்கும் கேஷ் என்று தமிழர் புரிந்துகொண்டால் குற்றம் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் சரியாகத்தானே வருகிறது!)

இப்போது இரண்டாவது கேஷ்.

காசு தமிழில் எவ்வளவு பழையது என்பதற்குத் தேவாரமே போதும். 7ஆம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் சம்பந்தர் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பாடுகிறார். வாசி என்றால் நாணயத்தை மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் வட்டம், இன்றைய பேச்சில் கமிஷன். கொடுக்கிற காசை முழு மதிப்புக்கு மாறுகிற காசாகக் கொடு என்று இறைவனிடமே கறாராகக் கேட்கிறார். ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு பொன் நாணயம். அரைக் கழஞ்சு எடை அளவில் இருக்கும். கோயிலின் முதல் பணத்தை ஊர்ச்சபைகளிடம் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை வாங்கினார்கள். பொலிசை என்பது வட்டி. மலையாளத்தில் இன்றும் பலிச என்கிறார்கள். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. அப்படியானால் வட்டி 12.5 சதவீதம்.

வடமொழியில் கர்ஷ என்று ஓர் எடைச் சொல் உண்டு. காசை அதோடு இணைத்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு தனி. ஆங்கிலத்துக்குப் போன கதைக்கு அது தேவைப்படாது. யாப்பு படித்தவர்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும்: வெண்பாவின் ஈற்றடி முடியும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் மூன்றாவது இந்தக் காசுதான்.

சோழர் காலத்துக்குப் பிறகு காசு பொன்னிலிருந்து செம்புக்கு இறங்கியது. சொல்லில் உலோகமே இல்லை என்பதால் இந்த இறக்கம் எளிதாக நடந்தது. பொற்காசு, வெள்ளிக்காசு, செப்புக்காசு என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். ஒன்றும் ஒட்டாமல் சந்தையில் காசு என்றால் கையில் அதிகம் புழங்கிய செப்புக்காசுதான். போர்த்துகீசியர் 1498இல் கோழிக்கோட்டில் இறங்கி, 1511இல் மலாக்காவைப் பிடித்தபோது, கடைத்தெருவில் காதில் விழுந்தது இந்தச் சில்லறைக் காசு.

அவர்கள் அதைக் கைஷா என்று எழுதிக்கொண்டார்கள். இங்கேதான் முடிச்சு. போர்த்துகீசிய மொழியில் கைஷா என்று ஏற்கெனவே ஒரு சொல் உண்டு. பொருள்: பெட்டி. ஆம், அதே லத்தீன் காப்சாவின் போர்த்துகீசியப் பிள்ளை. காசு என்ற அயல்சொல் காதில் விழுந்ததும், வீட்டில் இருந்த பெட்டிச் சொல்லின் உருவத்தை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டார்கள். அயல்சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்ப்பது எல்லா மொழிக்காரரும் செய்வதுதான். ஹாமில்டன் பாலத்தை அம்பட்டன் பாலம் ஆக்கிய சென்னைக்கு இது புரியும். பிறகு ஆங்கிலேயர் அதே வேலையை இரண்டாவது முறை செய்தார்கள். கைஷாவைக் கேட்டதும் தங்களிடம் இருந்த கேஷின் எழுத்துக்கூட்டலைக் கொடுத்தார்கள். ஆக, இரண்டு சொற்களும் ஒன்று போலத் தெரிவது தற்செயல் மட்டுமல்ல. ஒன்றின் சட்டையை மற்றதற்கு இரண்டு முறை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஃபுளோரியோ அகராதி வந்த அதே 1598இல்தான் டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூலும் ஆங்கிலத்தில் வெளியானது. ஜாவாவில் கைஷா என்ற செப்பு நாணயம் புழங்குவதையும், நடுவில் ஓட்டை இருப்பதையும், இருநூறு அல்லது ஆயிரமாகக் கயிற்றில் கோத்து வைப்பதையும் அது விவரிக்கிறது. ஓட்டை போட்ட அந்தக் காசு சீன வகை. சீனர் அதை வென் என்றும் ச்சியன் என்றும் சொல்வார்கள். ஐரோப்பியர் தென்னிந்தியச் சில்லறையின் பெயரைச் சீனச் சில்லறைக்கும் வைத்துவிட்டார்கள். உலகம் முழுவதும் நாணயம் சேகரிப்பவர்கள் இன்று "சைனீஸ் கேஷ்" என்று சொல்லும்போது அவர்கள் வாயில் இருப்பது காசு. பழைய தஞ்சை மாவட்டத்தில் தாலிக்கோட்டை, விக்கிரமம் போன்ற ஊர்களில் மண்ணுக்கடியில் சீனக் காசுக் குவியல்கள் கிடைத்திருக்கின்றன. பண்டம் அங்கிருந்து இங்கே வந்தது, பெயர் இங்கிருந்து அங்கே போனது.

கயிற்றில் கோத்த இந்தச் சீனக் காசுக் கோவையில் ஒரு தில்லுமுல்லு உண்டு. ஒரு கோவை என்றால் பெயருக்கு ஆயிரம். நடைமுறையில் குறைவாகத்தான் இருக்கும். சீனாவின் சோங் வம்ச அரசு 77 நாணயத்தை நூறாக எண்ணிக்கொள்ளலாம் என்று சட்டமே போட்டது. சம்பந்தர் கேட்ட வாசி அங்கே அரசாங்க விகிதமாக இருந்தது.

நம் பக்கம் திரும்பினால், மதராஸில் ஆங்கிலக் கம்பெனி கணக்கு எழுதியதே இந்தச் சொல்லில்தான். 80 கேஷ் ஒரு ஃபனம். 42 ஃபனம் ஒரு பகோடா. ஃபனம் என்பது நம் பணம். பகோடா என்பது வராகன். பெருக்கினால் வராகனுக்கு 3,360 காசு. நடுவில் 10 காசு ஒரு துட்டு, 8 துட்டு ஒரு பணம். இன்று பணம், காசு, துட்டு மூன்றையும் ஒரே பொருளில் அள்ளி வீசுகிறோம். 200 ஆண்டுக்கு முன் சென்னையில் அப்படிப் பேசினால் நஷ்டப்பட்டிருப்போம். பழைய ஆவணங்களைப் படிக்கிறவர்கள் அடிக்கடி சறுக்குவதும் இங்கேதான். "5 ஃபனம் 40 கேஷ்" என்று இருந்தால் அது ஐந்தரைப் பணம். கேஷை நூறில் ஒரு பங்காகவோ, "ரொக்கமாக" என்றோ படித்துவிட்டால் கணக்கு முழுக்கக் கோணிவிடும். ஆங்கிலத்தில் இந்தக் கேஷுக்குப் பன்மை உருவமும் கிடையாது. ஒன்றானாலும் நாற்பதானாலும் கேஷ்தான். முன்னால் எண் நின்றால் அது நம் காசு. எண் இல்லாமல் நின்றால் இத்தாலியப் பெட்டி. 1818இல் மதராஸ் மாகாணம் வெள்ளி ரூபாய்க்கு மாறியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 12 பணம், அதாவது 960 காசு.

இதற்குக் கண்ணால் காணும் சாட்சி, பழைய நாணயம் விற்கும் யாரிடமும் கிடைக்கக்கூடிய 1808ஆம் ஆண்டு 20 காசு நாணயம். செம்பு. குறுக்களவு சுமார் 31 மில்லிமீட்டர், எடை 9 கிராமுக்குச் சற்று மேல். பர்மிங்ஹாம் அருகே சோஹோ என்ற இடத்தில் மேத்யூ போல்ட்டனின் நீராவி அச்சுக்கூடத்தில் அடித்தது. முன்பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம், கீழே ஆண்டு. திருப்பினால் மேலே பாரசீக எழுத்து, அடியில் ரோமன் எண்ணில் 20, பக்கத்தில் ஆங்கிலத்தில் கேஷ். பாரசீக வரியை எழுத்துக்கூட்டினால் "பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்" என்று வரும். இருபது காஸ் நான்கு ஃபலூஸ் ஆகும் என்று பொருள். ஒரே பக்கத்தில் பாரசீக எழுத்தில் காஸ், ஆங்கில எழுத்தில் கேஷ். இரண்டும் காசு. தமிழ் எழுத்து மட்டும் அதில் இல்லை.

இந்த நாணயம் இவ்வளவு மலிவாகக் கிடைக்க ஒரு விபத்துதான் காரணம். மதராஸுக்கு இந்தக் காசுகளைப் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் எடுத்தபோது 10 காசும் 20 காசும் லட்சக்கணக்கில் வந்தன. வாங்குகிறவர்கள் கவனிக்க: 1808 என்று ஆண்டு இருந்து, மேற்பரப்பு புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் பெரும்பாலும் கடலில் கிடந்தது. அரிய பொருள் என்று சொல்லி விலை ஏற்றினால் நம்ப வேண்டாம். வெளிர்பச்சையில் மாவு போல உதிர்ந்தால் உப்பு உள்ளே இறங்கி இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை மற்ற நாணயங்களோடு ஒரே உறையில் வைக்கக் கூடாது. புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கினால் இருக்கிற மதிப்பும் போய்விடும்.

மதராஸ் மட்டுமல்ல. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1845இல் ஊரை விற்றுவிட்டுப் போகும்வரை காஸ் என்ற பெயரில் நாணயம் வைத்திருந்தார்கள். அங்கேயும் 80 காஸ்தான் ஒரு பணம். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் இருபத்தெட்டரைச் சக்கரம். நாகர்கோவில் பக்கத்துப் பழைய பத்திரங்களைப் படிக்கிறவர்கள் இந்த அரைச் சக்கரத்தை மறக்கக் கூடாது.

உருவ ஒற்றுமையில் இழுத்துப்போடும் வேறு சில சொற்களையும் சொல்லிவிட வேண்டும். வங்கிக் கேஷியர், பெட்டிக் குடும்பம்தான். ஆனால் ராணுவத்தில் ஓர் அதிகாரியைக் "கேஷியர் செய்தார்கள்" என்றால், அவமானப்படுத்திப் பதவியைப் பறித்தார்கள் என்று பொருள். அது உடைத்தல், செல்லாததாக்கல் என்ற லத்தீன் வேரிலிருந்து டச்சு வழியாக வந்த வேறு சொல். இந்திய ராணுவச் சட்டம் 1950இன் பிரிவு 71இல் கேஷியரிங் ஒரு தண்டனை, டிஸ்மிஸல் அதற்கு அடுத்த தனித் தண்டனை. இதைக் "காசாளராக நியமித்தார்கள்" என்று மொழிபெயர்த்தால் நீக்கியவருக்கு வேலை கொடுத்ததாகிவிடும். கம்ப்யூட்டர் கேஷ் இன்னொன்று. எழுத்துக்கூட்டல் வேறு, உச்சரிப்பு அதே. ஒளித்துவை என்ற பிரெஞ்சு வினை அதன் வேர். 1968இல் ஐபிஎம்மின் சிஸ்டம்/360 மாடல் 85 வந்தபோது அதன் வேக நினைவகத்துக்கு இந்தப் பெயர் நிலைத்தது. முந்திரியின் ஆங்கிலப் பெயர் கேஷ்யூ, பிரேசிலின் துப்பி மொழியில் அகாஜு. காசுக்கும் அதற்கும் உள்ள ஒரே தொடர்பு கிலோ விலைதான்.

இப்படி ஒரு சொல்லைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வழி சுருக்கமானது. இரண்டு சொல்லின் இன்றைய உருவத்தை ஒட்டிப் பார்க்காதீர்கள். இரண்டையும் தனித்தனியே பின்னோக்கி நடத்துங்கள். உண்மையான உறவு என்றால் பின்னால் போகப் போக நெருங்கும். பொய் என்றால் விலகும். எட்டும் ஆங்கில எய்ட்டும் ஒன்று என்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் அது எயாஹ்தா, லத்தீனில் ஒக்தோ, வடமொழியில் அஷ்ட. நம் பக்கம் கன்னடத்தில் எண்ட்டு, எண்பதில் எண். பின்னால் போனால் ஒன்றுக்கொன்று முகமே தெரியவில்லை. காசு – கைஷா – கேஷ் அப்படி இல்லை. கடற்கரை, கப்பல், ஆண்டு, நாணயம் என்று ஒவ்வொரு படியிலும் கால் வைக்க இடம் இருக்கிறது. ரொக்கம் என்ற பொருளுள்ள கேஷைப் பின்னால் நடத்தினால் அது நேரே இத்தாலிக்குத்தான் போகிறது. தமிழ்க் கரையைத் தொடுவதே இல்லை.

கடைசியாக, ஓசை ஒற்றுமையைத் தமிழ் தன் பங்குக்கு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. கேஷியருக்குக் காசாளர் என்றோம். வேர் வேறு, ஆனால் இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமையாது. செக் காசோலை ஆயிற்று. இலங்கையில் மணியார்டருக்குக் காசுக்கட்டளை என்றே பெயர். யாழ்ப்பாணத்துக் கடையில் "காசு தாங்கோ" என்றால் ஆயிரம் ரூபாய் நோட்டையும் நீட்டலாம். மதுரையில் "பத்து காசு பெறாது" என்றால் பத்துப் பைசா. ராஜராஜன் காலத்தில் அதே பத்துக் காசை வட்டிக்கு விட்டால் ஆண்டுக்கு ஒன்றேகால் காசு பொன்னாக வந்திருக்கும்.